டர்போ வீராவின் எரிபொருள் கோளாறுகள்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறிதல்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் டர்போ கார் ஓட்டும் இளைஞர்களில் பெரும்பாலோர், வீட்டிலிருந்த பழைய புரோட்டோன் வீராவையோ சத்ரியாவையோ எடுத்து, மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆரின் 1,834 சிசி 4ஜி93 டர்போ என்ஜினை ஹாஃப் கட் கடையில் வாங்கி, சம்பளம் வரும் மாதங்களில் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கட்டியவர்கள். 1993இல் வெளிவந்த வீரா, லான்சரின் அடித்தளத்திலேயே செய்யப்பட்ட கார் என்பதால் அந்த என்ஜின் அதில் எளிதாக உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் ஹாஃப் கட் என்பது ஜப்பானில் ஓடிய காரின் வெட்டப்பட்ட முன்பாதி மட்டுமே. என்ஜின், டர்போ, ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), காற்றளவி, முன்பக்க வயரிங் எல்லாம் அதனுடன் வந்துவிடும்; பெட்ரோல் டேங்கும், அதனுள் இருக்கும் பம்பும், பம்புக்குப் போகும் வயரும் பின்பாதியில் இருப்பவை என்பதால் அவை வருவதில்லை. ஆகவே 1.3 அல்லது 1.5 லிட்டர் சாதாரண என்ஜினுக்காக அமைந்த பம்பும் வயரும் குழாயும், ஏறத்தாழ 200 குதிரைத்திறன் தரும் டர்போ என்ஜினுக்கு எரிபொருள் அனுப்ப வேண்டிய நிலை ஏற்படுகிறது. என் பட்டறைக்கு வரும் டர்போ வீராக்களின் எரிபொருள் கோளாறுகளைத் தேடிப் போனால், பெரும்பாலும் நான் போய் நிற்பது பின் இருக்கைக்கு அடியில்தான்.

குறைந்த செலவில் இந்த அமைப்பைச் சரியாக வைத்திருக்க முடியும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பொருள் வாங்குவதற்கு முன் அளக்க வேண்டும். பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் மீட்டர் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று, காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் (எண் கூடினால் பெட்ரோல் குறைவு என்று பொருள்) ஒன்று ஆகிய மூன்றும் இல்லாமல் இன்ஜெக்டரையோ பம்பையோ மாற்றுவது இருட்டில் ஊசி தேடுவதற்குச் சமம். முதல் இரண்டும் சில பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும். வைட்பேண்ட் சில நூறு வெள்ளி ஆகும். நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி, ஒவ்வொருவரும் தம் காரின் டவுன்பைப்பில் (டர்போவுக்குப் பின்னுள்ள புகைக்குழாயில்) சென்சருக்கான திருகுமூட்டியை மட்டும் வெல்டிங் செய்து வைத்துக்கொண்டு மாறி மாறிப் பயன்படுத்தலாம். பழைய ஒற்றைக் கம்பி ஆக்சிஜன் சென்சரில் இணைக்கும் வண்ண விளக்கு மீட்டரை நம்ப வேண்டாம். அது 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற கலவையின் இருபுறத்தையும் பிரித்துக் காட்டுமே தவிர, பூஸ்டில் (டர்போ கூடுதல் காற்றைத் திணிக்கும்போது) நமக்குத் தேவையான 11.5க்கும் ஆபத்தான 13க்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டாது.

அறிகுறிகளுக்குள் போகும் முன் ஒன்றை மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். இன்ஜெக்டர் எவ்வளவு எரிபொருளைத் தெளிக்கும் என்பது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ரெயில் குழாயில் உள்ள அழுத்தத்துக்கும், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்துக்கும் இடையிலான வேறுபாட்டைப் பொறுத்தது. அந்த வேறுபாட்டை மாறாமல் வைத்திருப்பதற்காகவே, ரெயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் தலையில் மேனிஃபோல்டிலிருந்து ஒரு சிறிய ரப்பர் குழாய் வருகிறது. குழாயைக் கழற்றி வைத்த நிலையில் ரெயிலில் 3 பார் இருந்தால், 0.8 பார் பூஸ்டில் அது 3.8 பார் ஆக வேண்டும். பூஸ்ட் ஏற ஏற பம்ப் அதிக அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. அழுத்தம் கூடும்போது எந்த மின்பம்பும் தரும் அளவு குறையும். என்ஜின் அதிகமாகக் கேட்கும் அதே நொடியில் பம்ப் குறைவாகத் தருகிறது என்பதுதான் டர்போ காரின் அடிப்படைச் சிக்கல்.

பெட்ரோல் வாசனை வருகிறது

வேறு எந்தச் சோதனைக்கும் முன் இதைத் தீர்க்க வேண்டும். தீரும் வரை காரை ஓட்டக் கூடாது. 30 ஆண்டுப் பழைய ரப்பர் குழாய்கள் வெளியே நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும், கிளிப்பைத் தளர்த்தி வளைத்துப் பார்த்தால் வெடிப்புகள் தெரியும். இன்ஜெக்ஷன் அழுத்தத்தைத் தாங்கும் ஆர்9 தரக் குழாயையே பயன்படுத்த வேண்டும். டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருக்கும் துண்டுக்கு அதுவும் போதாது, ஆர்10 தரம் வேண்டும். மோட்டார் சைக்கிள் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாயை ரெயிலுக்குப் போட்டிருந்ததை இரண்டு முறை கண்டிருக்கிறேன். டர்போ மேனிஃபோல்டின் சூட்டுக்கு ஒரு சாண் தள்ளி அது இருந்தது. குழாயை நறுக்கும் பற்களுள்ள சாதாரண கிளிப்புக்குப் பதிலாக, உட்புறம் வழவழப்பான இன்ஜெக்ஷன் கிளிப்பைப் போடுங்கள். வேலை செய்யும் இடத்தில் உலர்தூள் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பூஸ்ட் ஏறும்போது இழுவை குறைகிறது, வைட்பேண்டில் எண் ஏறிக்கொண்டே போகிறது

இதுதான் பிஸ்டனை உருக்கும் அறிகுறி. 3,000 சுற்றில் 11.8 காட்டிய மீட்டர், 4,500 சுற்றில் 12.5, 5,500 சுற்றில் 13.2 என்று மெல்ல ஏறினால், தேவை கூடிக்கொண்டே போகிறது, வரத்து நின்றுவிட்டது என்று பொருள். உடனே காலை எடுத்துவிட வேண்டும். "அண்ணே, மேலே போகப் போகத்தான் கார் லேசா சுறுசுறுப்பா இருக்கு" என்று லிந்தாங் பக்கத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு தம்பி என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னார். எரிபொருள் குறையும்போது அதிக ரிச்சாக (எரிபொருள் மிகுந்து) இருந்த என்ஜின் சிறிது நேரம் நன்றாக இழுக்கத்தான் செய்யும். அந்த மகிழ்ச்சியின் எல்லை எங்கே முடிகிறது என்பதைக் காதாலோ உடலாலோ அறிய முடியாது என்பதற்காகத்தான் மீட்டர்.

முதலில் அழுத்தத்தைப் பாருங்கள். ஃபில்டருக்கும் ரெயிலுக்கும் இடையே மீட்டரைப் பொருத்தி, நீண்ட குழாய் வைத்து, பானட்டின் ஓரத்தில் கண்ணாடிக்கு வெளியே தெரியும்படி கட்டிவையுங்கள். பெட்ரோல் நிறைந்த மீட்டரை எக்காரணத்தைக் கொண்டும் காருக்குள் கொண்டுவரக் கூடாது. ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே மெனோரா சுரங்கப்பாதையை நோக்கி ஏறும் நெடுஞ்சாலைச் சரிவு, குறைந்த வேகத்திலேயே என்ஜினுக்கு நல்ல சுமை தரும் இடம். அங்கே வேக வரம்புக்குள் மூன்றாம் கியரில் ஏறி, பக்கத்தில் அமர்ந்திருப்பவரை மீட்டரைப் பார்க்கச் சொல்லலாம். உச்சச் சுற்று வரையிலான சோதனையைச் சாலையில் செய்யாமல் டைனோவுக்கு (காரை நிறுத்தியபடியே ஓட்டி அளக்கும் இயந்திரத்துக்கு) விட்டுவிடுங்கள். அழுத்தம் பூஸ்டோடு சேர்ந்து ஏறாமல் நின்றுவிட்டாலோ இறங்கினாலோ, இன்ஜெக்டர் நிரபராதி. குற்றம் பின்னால் இருக்கிறது.

சாலைக்கே போகாமல், செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. நான் பெரிதும் விரும்புவது இதையே. திறந்த வெளியில், என்ஜின் ஆறிய பிறகு, ரெகுலேட்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் குழாயைக் கழற்றி, அளவுக்கோடு உள்ள பெட்ரோல் கலனுக்குள் விடுங்கள். ரெகுலேட்டரின் தலையில் உள்ள முனையில் சைக்கிள் பம்பை இணைத்து 0.8 பார் காற்றை நிறுத்தி வையுங்கள். இப்போது என்ஜின் ஓடாமலேயே பம்ப் பூஸ்டில் இருப்பதாக எண்ணி உழைக்கும். பம்பை 30 நொடிகள் ஓடவிட்டு, கலனில் விழுந்ததை அளந்து பாருங்கள். கணக்கு எளிது: டர்போ பெட்ரோல் என்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 சிசி குடிக்கும். 200 குதிரைத்திறனுக்கு 1,200 சிசி. அதற்கு மேல் கால் பங்கு கையிருப்பு வேண்டும் என்றால் 1,500 சிசி, அதாவது 30 நொடியில் 750 சிசி. அதற்குக் குறைவாக விழுந்தால் உங்கள் பம்புப் பாதை இந்த என்ஜினுக்குப் போதாது. என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் அளவுக்குத் தரும், இப்போது பேட்டரி மட்டும் 12 வோல்ட் சொச்சம் தருகிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போதவில்லை என்றவுடன் பம்பு வாங்கப் புறப்பட வேண்டாம். பின் இருக்கையைத் தூக்கி, பம்பின் இணைப்பியிலேயே மல்டிமீட்டரை வைத்து, என்ஜின் ஓடும்போது எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள். பேட்டரியில் 14, பம்பில் 12 என்றால் அந்த 2 வோல்ட் பழைய வயரிலும் துருப்பிடித்த எர்த்திலும் வெப்பமாகப் போய்விடுகிறது. அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் வயரைச் சரிசெய்வதே முதல் வேலை. பேட்டரியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயரை 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகப் பின்னால் கொண்டுபோய், 30 ஆம்பியர் ரெலே ஒன்றைப் போட்டு, பழைய பம்பு வயரை அந்த ரெலேயை இயக்கும் சிக்னலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். எர்த் வயரையும் அதே தடிமனில், வண்ணப்பூச்சைச் சுரண்டிய இரும்பில் போல்ட் போட்டுப் பிடியுங்கள். இந்த வேலைக்கு ஆகும் செலவு ஒரு முழு டேங்க் பெட்ரோலின் விலையைத் தாண்டாது. என் அனுபவத்தில், பம்பு போதவில்லை என்று வந்த கார்களில் சில இதிலேயே குணமாகியிருக்கின்றன.

அடுத்தது ஃபில்டர். எப்போது மாற்றியது என்று உங்களுக்கே நினைவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். கழற்றிய ஃபில்டரை, பெட்ரோல் உள்ளே வரும் பக்கமாகத் திருப்பி வெள்ளைத் துணியில் கொட்டிப் பாருங்கள். செந்நிறத் துகள் விழுந்தால் டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. அப்படியானால் புதிய பம்பையும் அந்தத் துரு சில மாதங்களில் தின்றுவிடும், டேங்கைக் கழற்றிக் கழுவாமல் மேற்கொண்டு எதையும் செய்யாதீர்கள். தொடக்ககால 1.3, 1.5 வீராக்களில் கார்புரேட்டர் இருந்ததால், அவற்றின் டேங்குக்குள் மின்பம்பே கிடையாது. அப்படிப்பட்ட காருக்கு இன்ஜெக்ஷன் வீராவின் டேங்கை முழுதாக மாற்றிவிடுவதே மலிவான, அமைதியான வழி. வெளியே பம்பைத் தொங்கவிட்டுக் கட்டியவை சத்தமும் போடும், வெயிலில் சூடாகிக் காற்றுக் குமிழையும் இழுக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் 750 சிசி விழவில்லை என்றால்தான் பம்பு. மணிக்கு 255 லிட்டர் என்று சொல்லப்படும் வால்பிரோ பம்பு இத்தகைய காருக்குத் தாராளமாகப் போதும். போலிகள் மலிந்த பொருள் அது. கடையொன்றில் பெட்டியோடு புத்தம் புதிதாக வாங்கிய ஒன்றை நான் மேற்சொன்ன சோதனைக்கு உட்படுத்தியபோது, காரிலிருந்து கழற்றிய பழைய பம்பைவிடக் குறைவாகவே தந்தது. அன்றிலிருந்து புதிய பம்பையும் அளக்காமல் பொருத்துவதில்லை. நல்ல நிலையில் உள்ள லான்சர் எவலூஷன் பம்பு பழையதாகக் கிடைத்தால், சந்தேகத்துக்குரிய புதியதைவிட அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அழுத்தம் பூஸ்டோடு ஒழுங்காக ஏறுகிறது, ஆனாலும் வைட்பேண்ட் எண் ஏறுகிறது என்றால் இப்போது இன்ஜெக்டரைப் பார்க்கலாம். அடைப்பு இருந்தால் சோதனை மேடையில் கழுவி அளந்து தருவார்கள். நான்குக்கும் இடையே வேறுபாடு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் வைட்பேண்ட் நான்கின் சராசரியைத்தான் காட்டும், எரிபொருள் குறைந்து மெலிந்து ஓடும் ஒற்றைச் சிலிண்டரை அது மறைத்துவிடும். தேவையான அளவையும் அதே கணக்கில் காணலாம்: 1,200 சிசியை நான்கால் வகுத்தால் 300. இன்ஜெக்டர் முழு நேரமும் திறந்திருக்கக் கூடாது, 85 சதவீதத்தில் நிறுத்த வேண்டும் என்பதால் 300ஐ 0.85ஆல் வகுத்தால் ஏறத்தாழ 353 சிசி. இதற்கு மேல் பெரியது வாங்குவது வீண்செலவு மட்டுமன்று, ஐடலிங்கில் (கார் நிற்கையில் என்ஜின் சும்மா ஓடும்போது) துல்லியத்தையும் கெடுக்கும்.

வைட்பேண்ட் மெலிவு காட்டுகிறது, ஆனால் கார் குத்திக் குத்தி இழுக்கிறது

இங்கே மீட்டர் உண்மையைச் சொன்னாலும் நாம் தவறாகப் படித்துவிடுவோம். பூஸ்டில் தீப்பொறி அணைந்துபோனால் எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியேறும். சென்சர் அளப்பது ஆக்சிஜனை என்பதால் அதை மெலிந்த கலவையாகக் காட்டும். இதை நம்பி எரிபொருளைக் கூட்டினால் தீப்பொறி மேலும் நனைந்து அணையும், எண் மேலும் ஏறும், நாம் மேலும் கூட்டுவோம். எண் மெல்ல ஏறாமல் திடீரென்று தாவினால், கூடவே குத்தலும் இருந்தால், முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். இடைவெளி 1 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் 0.7க்குக் குறைத்துப் பாருங்கள். செலவே இல்லாத வேலை இது. பிறகு கேபிளையும் காயிலையும் பாருங்கள். டர்போவுக்கும் சென்சருக்கும் இடையே எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு ஐடலிங்கில் பொய்யான மெலிவு தெரியும்.

பம்பை மாற்றிய மறுநாளே ஐடலிங்கில் கரும்புகை

பெரிய பம்பு அனுப்பும் மிகுதியை டேங்குக்குத் திருப்பிவிட ரெகுலேட்டரின் வாயும் திரும்புக் குழாயும் போதாதபோது, ஐடலிங்கில் அழுத்தம் இறங்க மறுக்கும். ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றி, அழுத்தத்தைப் பாருங்கள். பிறகு மாட்டிப் பாருங்கள். மாட்டியவுடன் அரை பார் அளவுக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால், திரும்புக் குழாயை ரெகுலேட்டரிலேயே கழற்றித் தற்காலிகமாக ஒரு கலனுக்குள் விட்டு மீண்டும் பாருங்கள். இப்போது இறங்கினால் குழாய் நசுங்கியோ அடைத்தோ இருக்கிறது. காரின் அடிவயிற்றில், ஜாக் வைத்துத் தூக்கும் இடத்துக்கு அருகே நசுங்கியிருப்பதை அடிக்கடி காணலாம். இறங்காவிட்டால் ரெகுலேட்டரே சிறியது, அளவு திருத்தும் வசதியுள்ள வேறொன்று தேவை.

வேக்குவம் குழாயைக் கழற்றும்போது அதனுள் பெட்ரோல் ஈரமோ வாசனையோ இருந்தால், மேற்கொண்டு சோதிக்க ஒன்றுமில்லை. ரெகுலேட்டரின் உள்தகடு கிழிந்துவிட்டது, பெட்ரோல் நேராக மேனிஃபோல்டுக்குப் போகிறது.

பூஸ்டில் மட்டும் கரும்புகை, இழுவையும் மந்தம்

ஜிஎஸ்ஆர் என்ஜினில் காற்று டர்போவுக்கு முன்னாலேயே அளக்கப்படுகிறது. அளந்த பிறகு, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் குழாயின் மூட்டில் காற்று வெளியே போனால், போன காற்றுக்கும் சேர்த்து ஈசியூ எரிபொருளைத் தெளித்துவிடும். ஆகவே இது எரிபொருள் கோளாறு போலத் தோன்றும் காற்றுக் கோளாறு. பிவிசி குழாய் மூடி ஒன்றில் டயர் வால்வைப் பொருத்தி, டர்போவின் வாயில் மாட்டி, 1 பார் வரை காற்றடித்துச் சோப்பு நீரைத் தெளித்தால் கசிவு நுரைக்கும். திராட்டில் பாடி, இன்ஜெக்டர் அடியில் உள்ள ரப்பர் வளையம், காலை எடுக்கும்போது மிகுதிக் காற்றை விடும் புளோ-ஆஃப் வால்வு ஆகிய இடங்களையும் விட்டுவிடாதீர்கள்.

கியர் மாற்றும்போது அல்லது சிக்னலில் நிற்கும்போது என்ஜின் அணைந்துவிடுகிறது

இதுவும் அதே காரணத்தின் மறுபக்கம். புளோ-ஆஃப் வால்வு சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக அதன் வெளியேற்றத்தைத் திறந்தவெளிக்கு விட்டிருந்தால், காலை எடுக்கும்போதெல்லாம் அளந்த காற்று வெளியே போகும். கலவை ஒரு நொடி மிதமிஞ்சி ரிச்சாகி என்ஜின் மூச்சடைத்து நிற்கும். வால்வின் வாயிலிருந்து, காற்றளவிக்கும் டர்போவுக்கும் இடைப்பட்ட குழாய்க்கு ஒரு ரப்பர் குழாய் போட்டுத் திருப்பிவிட்டால் தீர்ந்துவிடும். சத்தம் போய்விடுமே என்று வருந்துபவர்களுக்கு என்னிடம் வேறு மருந்து இல்லை.

காற்றளவியைப் பற்றி இன்னொன்று. ஜிஎஸ்ஆரில் இருப்பது காற்றில் உண்டாகும் சுழல்களை எண்ணும் கார்மன் வகை. தேன்கூடு போன்ற அதன் முன்வலை சீராக இருந்தால்தான் எண்ணிக்கை சரியாக வரும். வலையைப் பிடுங்கிவிட்டு மலிவான காளான் ஃபில்டரை நேரடியாகச் செருகினால் ஐடலிங் ஏறி இறங்கும். நம் பகுதியின் செம்மண் தோட்டப் பாதைகளில் ஓடும் காருக்கு, பழைய பெட்டி ஃபில்டர் தரும் பாதுகாப்பை எந்தத் திறந்த ஃபில்டரும் தருவதில்லை என்பது என் கருத்து.

சுவரில் மோதியதுபோல் திடீரென்று வெட்டுகிறது

படிப்படியாக அல்லாமல், ஒரே அடியாக எரிபொருள் நின்று, தலை முன்னால் சாய்ந்து, மறுநொடியே கார் இயல்புக்குத் திரும்பினால், அது ஈசியூவின் தற்காப்பு. அளவுக்கு மீறிய காற்று வருவதைக் கண்டு அது எரிபொருளை நிறுத்துகிறது. இந்தத் தற்காப்பை ஏமாற்றும் சிறிய பெட்டிகள் மலிவாக விற்கின்றன. அவற்றை வாங்கும் முன், பூஸ்ட் ஏன் வரம்பைத் தாண்டியது என்று கேளுங்கள்: பூஸ்டை வரம்புக்குள் வைக்கும் வேஸ்ட்கேட்டின் குழாய் கழன்றதா, எக்ஸாஸ்டைப் பெரிதாக்கிய பின் பூஸ்ட் தானாக ஏறுகிறதா? பம்பும் இன்ஜெக்டரும் அந்தக் கூடுதல் காற்றுக்குப் போதும் என்று மேற்சொன்ன அளவுகள் காட்டாத வரை, அந்த வெட்டு உங்கள் என்ஜினின் உயிரைக் காக்கிறது.

பெரிய இன்ஜெக்டர் போட்டு டியூன் செய்த பின், டப்பாவில் கல் குலுக்கும் ஓசை

இது நாக், அதாவது சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது. இன்ஜெக்டரை மாற்றிய பலரும் கலவையைச் சரிசெய்ய எஸ்ஏஎஃப்சி போன்ற பெட்டியைப் பயன்படுத்துகிறார்கள். பழையதாகக் கிடைப்பதால் செலவும் குறைவு. அந்தப் பெட்டி எரிபொருளை நேரடியாகக் குறைப்பதில்லை. காற்றளவியிலிருந்து வரும் சிக்னலைக் குறைத்து ஈசியூவுக்கு அனுப்புகிறது. இன்ஜெக்டர் 30 சதவீதம் பெரிது என்றால் சிக்னலை ஏறத்தாழ 23 சதவீதம் குறைக்க வேண்டும். இப்போது ஈசியூ, என்ஜின் மீது சுமை குறைவு என்று நம்பி, தீப்பொறியை முன்கூட்டியே போடுகிறது. வைட்பேண்டில் 11.5 என்று அழகாகத் தெரியும். உள்ளே டைமிங் முன்னேறி பிஸ்டனை அடித்துக்கொண்டிருக்கும். மீட்டர் நன்றாக இருந்தும் என்ஜின் போன கதைகளில் பெரும்பாலானவற்றின் காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன். எனவே குறைந்த செலவு என்பதற்காக இந்தப் பெட்டியைப் பயன்படுத்துபவர்கள் இன்ஜெக்டரைத் தேவைக்கு மிக அருகிலேயே தேர்ந்தெடுத்து, சிக்னல் திருத்தத்தைச் சிறிதாக வைத்து, பூஸ்டையும் அடக்கி வைக்க வேண்டும். சிக்னல் குறைவதால் மேற்சொன்ன தற்காப்பு வெட்டும் தாமதமாகும் என்பதையும் மறக்கக் கூடாது.

ரோன் 95 (ஆக்டேன் எண் குறைந்த) பெட்ரோலுக்கு அரசாங்க உதவி இருப்பதால் டியூன் செய்த பிறகும் அதையே ஊற்றும் பழக்கம் இருக்கிறது. எந்தப் பெட்ரோலில் டியூன் செய்யப்பட்டதோ அதே பெட்ரோல்தான் பூஸ்டில் ஓட வேண்டும். ரோன் 97இல் டியூன் செய்துவிட்டு, மாதக் கடைசியில் 95 ஊற்றினால், அந்த டேங்க் முடியும் வரை டர்போவை மிதிக்காமல் ஓட்டுங்கள். பிளக்கைக் கழற்றிப் பார்க்கும்போது வெள்ளைப் பீங்கானில் மிளகுத் தூள் போன்ற கரும்புள்ளிகளோ வெள்ளிப் பொட்டுகளோ தெரிந்தால், நாக் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. வெள்ளிப் பொட்டு பிஸ்டனின் அலுமினியம். ஒரு படி குளிர்ந்த பிளக் உதவும், என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ச்சி கூடும். ஆனால் பிளக் மாற்றம் டைமிங் தவறுக்குத் தீர்வாகாது.

இன்ஜெக்டரை மாற்றும்போது அதன் மின்தடையையும் மல்டிமீட்டரில் பாருங்கள். 2 அல்லது 3 ஓம் காட்டுபவை ரெசிஸ்டர் பெட்டியோடுதான் ஓட வேண்டும். 12 முதல் 16 ஓம் காட்டுபவைக்கு அது தேவையில்லை. ஹாஃப் கட்டிலிருந்து என்ஜினை எடுக்கும் அவசரத்தில், பாடியில் திருகியிருக்கும் அந்த ரெசிஸ்டர் பெட்டி கடையிலேயே தங்கிவிடுவதுண்டு. அது இல்லாமல் குறைந்த ஓம் இன்ஜெக்டரை இணைத்தால் ஈசியூவின் உள்ளே இயக்கிகள் எரிந்துபோகும்.

சூடாக நிறுத்தி, தேநீர் குடித்துவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது

என்ஜினை அணைத்தபின் ரெயிலில் அழுத்தம் சில நிமிடங்களாவது தங்க வேண்டும். மீட்டரை மாட்டிக்கொண்டு அணைத்துப் பாருங்கள். உடனே விழுந்தால், திரும்புக் குழாயை நசுக்கும் தன்மையுள்ள இடுக்கியால் மெதுவாகப் பிடித்து மீண்டும் பாருங்கள். இப்போது தங்கினால் ரெகுலேட்டர், தங்காவிட்டால் பம்பின் ஒருவழி வால்வு அல்லது சொட்டும் இன்ஜெக்டர். சொட்டும் இன்ஜெக்டராக இருந்தால் ஸ்டார்ட் ஆகும்போது கரும்புகையும் பெட்ரோல் வாசனையும் கூடவே வரும், அந்தச் சிலிண்டரின் பிளக் மட்டும் நனைந்திருக்கும். நனைந்த பிளக்கைக் கண்டால் என்ஜின் எண்ணெயின் குச்சியையும் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் கலந்திருந்தால் எண்ணெயை மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும், ஏனென்றால் டர்போவின் பேரிங் அந்த எண்ணெயில்தான் மிதக்கிறது.

நீண்ட வளைவில் மட்டும் ஒரு நொடி விட்டுவிடுகிறது

பெட்ரோல் அளவைக் காட்டும் மீட்டரைப் பாருங்கள். டேங்க் கால் பங்குக்குக் கீழே இருந்தால், வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்பின் வாய் காற்றை இழுக்கிறது. பம்பை மாற்றும்போது அதன் அடியில் உள்ள வலைப்பையைச் சரியான திசையில் மாட்டினீர்களா, அது டேங்கின் தரையைத் தொடுகிறதா என்று திறந்து பாருங்கள். வேறு காரிலிருந்து வந்த பம்பு சில மில்லிமீட்டர் குட்டையாக இருப்பதால் மட்டுமே இந்தக் கோளாறு வந்ததைக் கண்டிருக்கிறேன். தாங்கியை இறக்கிப் பொருத்தியவுடன் சரியாயிற்று. அந்த வேலையைச் செய்து முடிக்கும் வரை, லிந்தாங் சாலை வளைவுகளில் பூஸ்டில் போகாமல், அரை டேங்குக்குக் கீழே இறங்க விடாமல் ஓட்டி வாருங்கள்.